கொல்கத்தா சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம்: கையில் டார்ச்சோடு போங்கள்

பார்க் ஸ்ட்ரீட் மெட்ரோவில் இறங்கி, கிழக்கே மல்லிக் பஜார் பக்கம் இருபது, இருபத்தைந்து நிமிடம் நடக்க வேண்டும். டாக்சியில் போனால் பெயரை முழுசாகச் சொல்லுங்கள். அருகிலேயே லோயர் சர்க்குலர் ரோடு கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தரின் கல்லறை அங்கேதான்.

நாம் பார்க்கப் போகும் சவுத் பார்க் ஸ்ட்ரீட், கம்பெனி காலத்து ஐரோப்பியர்களுக்காக 1767-இல் திறந்த தோட்டம். உள்ளே நுழைந்ததும் பிரமிடுகளும் குவிமாடங்களும் கூர்நுனித் தூண்களும் நெருக்கியடித்து நிற்கும். பார்வைக்குக் கல் போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். வங்காளத்து வண்டல் மண்ணில் கல்லுக்கு எங்கே போவது? பெயர் பொறித்த பலகைதான் பளிங்கு.

அதனால்தான் இங்கே கட்டடம் அழியும் முன்பே பெயர் அழிந்துவிடுகிறது. பளிங்கு மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எழுத்தின் விளிம்பு மழுங்கும். சில சமாதிகளில் பலகையே இல்லை, அது பதிந்திருந்த பள்ளம் மட்டும் இருக்கிறது. யாருக்காக இத்தனை உயரம் எழுப்பினார்களோ, அவர் யாரென்று அந்தச் சுவரால் இனிச் சொல்ல முடியாது. வெகுநேரம் நிற்கவைக்கும் இடம் அதுதான்.

செங்கல்லுக்கு எமன் அரசங்கன்று. பறவை எச்சத்தில் வரும் விதை விரிசலில் விழுந்து முளைக்கும். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேர் உள்ளே பருத்துச் சுவரைப் பிளக்கும். இந்த மாதிரிச் சுவரில் சிமென்ட் பூசுவதும் தப்பு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துவிடும். கடைசியில் பூச்சு உப்பி, செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும்.

எழுத்தை வாசிக்க மாவோ சாக்பீஸோ தேய்க்கவே கூடாது. மரநிழல் அடர்த்தி என்பதால் டார்ச் தேவை. நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பலகையின் ஓரத்தில், கல்லை ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள்; பொறித்த பள்ளங்களில் நிழல் விழுந்து ஒவ்வோர் எழுத்தாக எழுந்து வரும். மழைக்காலத்தில் தரை பாசியாக வழுக்கும். பிடிப்பான செருப்பும் கொசு மருந்தும் அவசியம்.

கட்டாயம் பார்க்க வேண்டியது, 1828-இல் இறந்த சார்ல்ஸ் ஸ்டூவர்ட்டின் சமாதி. இந்து தெய்வங்களைப் பூசித்து 'இந்து ஸ்டூவர்ட்' என்றே பெயரெடுத்த படையதிகாரி. சமாதியும் கோயில் வடிவம்தான். வில்லியம் ஜோன்ஸின் தூணைத் தேட வேண்டியதில்லை, உயரமே காட்டிக்கொடுக்கும். சமஸ்கிருதத்தையும் ஐரோப்பிய மொழிகளையும் ஒரே குடும்பமாகக் கண்டவர், 1794-இல் இறந்தபோது வயது 47. மேற்கு ஓரத்தில் இருக்கும் கவிஞரும் ஆசிரியருமான டெரோசியோவுக்கு 22, 1831-இல் காலராவில் இறந்தார். முறுக்கித் திரித்தது போன்ற தூணின் கீழ், ஆங்கிலக் கவிஞர் லாண்டர் பாடிய ரோஸ் எய்ல்மர்; 1800-இல் இறந்தார், வயது 20.

இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பெரிய பெயர்களைப் பார்த்து முடித்ததும் சின்னச் சமாதிகளில் வயது வரியை மட்டும் வாசித்துக்கொண்டே நடங்கள். குழந்தைகளுக்கு மாதத்தையும் நாளையும் எண்ணி எழுதியிருப்பார்கள். தாழப் பதித்த பலகைகளில் மண் தெறித்து முதலில் மங்குவது கீழ் வரிகள்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டார்ச்சைத் தரையோடு வைத்துப் பாருங்கள்.