நர்சிங் மாணவர்களுக்கு பாண்ட் ஸ்காலர்ஷிப்பா, கடன் அடைப்பா, மாத ஸ்டைபெண்டா?

நர்சிங் படிப்பவர்களுக்கென்று எங்கள் அறக்கட்டளை ஒதுக்கிய பணத்தை எப்படிக் கொடுப்பது என்று போன கூட்டத்தில் முடிவெடுத்தோம். முன்னால் இருந்தவை மூன்று: படித்து முடித்ததும் இத்தனை வருடம் சொன்ன இடத்தில் வேலை பார்ப்பேன் என்று பாண்ட் எழுதி வாங்கிக்கொண்டு முழுக் கட்டணத்தையும் கட்டுவது, வேலைக்குப் போன பிறகு கல்விக் கடனை அடைப்பது, படிக்கும்போதே மாதாமாதம் கையில் கொடுப்பது. நான் கை தூக்கியது ஸ்டைபெண்டுக்கு.

ஆள் சேர்க்கப் பணம் உதவும் என்பதில் சண்டையே இல்லை. இங்கிலாந்தில் 2017-ல் புதிதாகச் சேரும் நர்சிங் மாணவர்களுக்கு பர்சரியை, அதாவது திருப்பிக் கட்ட வேண்டாத படிப்பு உதவித்தொகையை, நிறுத்தினார்கள், விண்ணப்பங்கள் சரிந்தன. 2020-ல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு உதவித்தொகையைக் கொண்டுவந்தார்கள். பாண்ட் ஆளைப் பிடித்து வைக்கும், கெடு முடியும்வரை. அதைவிட ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் செய்தது நாகரிகம்: 16,500 டாலரில் 9,000 படிக்கும்போது, மீதி 7,500 அரசு மருத்துவமனைகளில் இரண்டு வருடம் வேலை பார்த்தால். அமெரிக்காவின் நர்ஸ் கார்ப்ஸ் என்ற அரசுத் திட்டம், நர்ஸ் பற்றாக்குறை உள்ள இடத்தில் இரண்டு வருடம் இருப்பவருக்குக் கடனில் 60 சதவீதத்தை அடைக்கிறது. நல்ல திட்டம்தான், ஆனால் படித்து முடித்தவருக்கு.

முடிக்க விடாமல் செய்வது எது? என் கணக்கில், போஸ்டிங், அதாவது படிப்பின் பகுதியாக ஆஸ்பத்திரியில் செய்யும் பயிற்சி. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு பெற 2,300 மணி நேரம் செய்முறைப் பயிற்சி வேண்டும். ஆஸ்திரேலியாவில் குறைந்தது 800. பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் நைட் என்று ரோஸ்டர் மாறும்போது, மாலையில் கடையில் பில் போட்டுச் சமாளித்த பிள்ளைக்கு அந்த வேலை போய்விடும். செலவு மட்டும் ஏறும்: தூரத்து ஆஸ்பத்திரிக்கு பஸ், இரண்டாவது செட் யூனிஃபார்ம், எட்டு மணி நேரம் நின்றாலும் கடிக்காத ஷூ. கட்டணம் முழுக்கக் கட்டப்பட்டிருந்தாலும் இந்த இடத்தில் கை காலிதான். ஆஸ்திரேலியா 2025 ஜூலை முதல், தகுதியுள்ளவர்களுக்கு பயிற்சி வாரங்களுக்கென்றே பணம் கொடுப்பது இதற்காகத்தான்.

அதனால் தொகையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பிரிக்கவில்லை. போஸ்டிங் மாதங்களில் கூட்டி வைத்தோம். போஸ்டிங் தொடங்குவதற்கு முன்பே கணக்கில் ஏறிவிட வேண்டும் என்றும் எழுதி வைத்தோம். பின்னால் வந்தால், அது ரூம்மேட்டிடம் வாங்கிய கைமாற்றை அடைக்கத்தான் போகும்.

வேலையில் நிலைப்பார்களா என்று கேட்டால், எங்கள் முதல் பேட்ச் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் கடன் அடைப்பே மேல் என்று நாளை தெரியவந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். வேலைக்குப் போன பிறகு ஒரு நர்ஸ் தலையில் எத்தனை நோயாளிகள் விழுகிறார்கள் என்பதை எங்கள் ஸ்டைபெண்ட் மாற்றப்போவதில்லையே.