எல்லாவற்றுக்கும் மூடி உண்டு, அந்தச் செல்லுக்கு மட்டும் இல்லை

என்னிடம் இருக்கும் பழைய லேப்டாப் மாடலின் விலை நன்றாக இறங்கிவிட்டது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். நேற்றுதான் அதை முழுக்கப் பிரித்து மாட்டினேன். பதில் கொஞ்சம் சூடாக இருந்தால் அதுதான் காரணம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அடியில் இருக்கும் இரண்டு தாழ்களைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். லித்தியம் அயான் செல்களை முழு சார்ஜில் கிடத்தினாலும் கெடும், அடியோடு வற்றவிட்டாலும் கெடும். பாதி சார்ஜில் கழற்றி, சூடு படாத இடத்தில் வைத்தால் நெடுநாள் தாங்கும். அப்படித்தான் வைக்கிறேன். இன்றுவரை உப்பவில்லை. ராம் மெமரிக்கு ஒரு மூடி, ஹார்ட் டிஸ்குக்கு ஒரு மூடி. ஒரே ஸ்க்ரூ டிரைவரோடு, சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் தரவை வைக்கும் எஸ்எஸ்டிக்கு மாறிவிட்டேன்.

அப்புறம் அந்த சிஆர்2032. லேப்டாப் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைக்கிற 3 வோல்ட் பட்டன் செல். சார்ஜ் ஏறாத வகை, என்றைக்காவது தீர்ந்தே தீரும். ராம் கெடாமலேயே போகலாம், அதற்கு மூடி வைத்தார்கள். கட்டாயம் சாகப்போகும் இதற்கு இல்லை. கீபோர்டு, மேல்தட்டு, ஃபேன் எல்லாம் கழற்றி மதர்போர்டைத் தூக்கினால், அதன் அடியில் மஞ்சள் உறை போட்டு ஒயரோடு ஒட்டிக்கிடக்கிறது. போகிற வழியெல்லாம் ரிப்பன் கேபிள்கள். அவற்றைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தாழ்கள் வயதாகி, தொட்டாலே உடைவேன் என்கின்றன. இதை வடிவமைத்தவர் இந்தச் செல்லைத் தன் கையால் ஒருமுறையாவது மாற்றிப் பார்த்திருப்பாரா?

செல் செத்த பிறகு, பெரிய பேட்டரிதான் கடிகாரத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. நானோ அதைக் கழற்றி வைக்கிற ஆள். ஆக, மாட்டும்போதெல்லாம் தேதி 2009 ஜனவரி 1. பேட்டரியைப் பேணியதற்கு இது பரிசு!

தேதிதானே என்று விடவும் முடியாது. இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று பிரவுசர் கதவைச் சாத்தும். அதுகூடப் பரவாயில்லை. புதிய கோப்பே ஜெயிக்கும் என்ற கணக்கில் ஓடும் பேக்கப்பில், இன்று திருத்திய கோப்பு 2009 முத்திரையோடு போய் நின்றால் பழைய பிரதி அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். எஸ்எஸ்டியை மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் போட்டுவைப்பதும் சரியில்லை. சாதாரணக் கணினிகளுக்கான எஸ்எஸ்டி, எழுதி எழுதித் தேய்ந்து ஆயுள் தீர்ந்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் 1 ஆண்டு தரவைக் காத்தால் போதும் என்பதுதான் சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை. என்னுடையது அந்த அளவு தேயவில்லை. இருந்தாலும் அவ்வப்போது ஆன் செய்து, கோப்புகளை முழுக்கப் படிக்கவைத்து, அவை மாறவில்லை என்று காட்டும் செக்சம் எண்ணை ஒப்பிடுகிறேன். ஆன் செய்தால்? திரும்பவும் 2009.

புதுச் செல் போட்டாயிற்று, தேதி நிற்கிறது. இந்த வயதில் இப்படி உழைக்கும் லேப்டாப்பை நான் பார்த்ததில்லை. ஆனாலும் வாங்க வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். கேட்காமல் வாங்குவதானால், விற்பவரிடம் பேட்டரியைக் கழற்றி, சார்ஜரையும் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டுத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். தேதி சரியாக இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.