பேஸ்ட்டா, திரவ உலோகமா?

ஓவர்கிளாக் செய்த, அதாவது வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும், கம்ப்யூட்டர் பிராசஸருக்கும் அதன் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூச எது நல்லது? எண்களில் போட்டியே இல்லை. ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 பேஸ்ட்டின் வெப்பக் கடத்துதிறன் 8.5 வாட்/மீட்டர்-கெல்வின், தெர்மல் கிரிஸ்லி கண்டக்டோநாட் திரவ உலோகத்துக்கு 73 என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். அதற்காக வெப்பநிலை அத்தனை மடங்கு குறைந்துவிடாது. பிராசஸரின் உலோக மூடியின் மேல் பூசினால் கிடைப்பது சில டிகிரிதான். மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு மீதே பூசுபவர்களுக்குத்தான் உண்மையான லாபம்.

ஆனால் காலியம் என்ற உலோகம் கலந்த அந்தக் குழம்பு மின்சாரத்தைக் கடத்தும். மதர்போர்டில் ஒரு துளி சிந்தினால் ஷார்ட் ஆகலாம். கூலரில் வெப்பத்தை உறிஞ்சும் ஹீட்சிங்க் அலுமினியம் என்றால் அதை அரித்துத் தின்றுவிடும். நிக்கல் பூசிய செம்பு என்றால் சரி. பஞ்சுக்குச்சியால் தேய்த்துத் தேய்த்து மெல்லிய படலமாக்கவும் பொறுமை வேண்டும்.

நான் பேஸ்ட் கட்சி. பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு வைத்து, கூலரின் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி முடுக்கினால் தானே பரவிவிடும்.