70-300 ஜூமும் மதுரைத் தூசியும்: நான்கு வருடப் பயன்பாடு

24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (சிறிய 'க்ராப்' சென்சார்) கேமரா பாடி ஒன்று, அதில் எஃப் 4.5-5.6 ரக 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ். எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சுருங்கும். நான்கு பொங்கல், நான்கு சித்திரைத் திருவிழா, இடையில் மாட்டுவண்டிப் பந்தயம், யானைமலை, சமணர்மலை என்று இந்த ஜோடி நிறையவே உழைத்துவிட்டது. கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த ரகத்தில் வரும் 70-300 எல்லாமே குணத்தில் அண்ணன் தம்பிதான். 'ஷார்ப்பாக வரவில்லை' என்று இவற்றின் மேல் சொல்லப்படும் குறையில் பெரும்பகுதி லென்ஸின் குற்றமே இல்லை. நம்ம ஊர்த் தூசியும் வெயிலும் செய்கிற வேலை அது.

முதலில் ஜல்லிக்கட்டு. தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். பார்வையாளர் கேலரியில் இருந்து எடுக்க 300 போதும். க்ராப் சென்சாரில் அது 450-க்குச் சமம். வாடிவாசலை விட்டு மாடு வெளியே வரும் முதல் பாய்ச்சல்தான் படம். மாடு கண்ணில் பட்ட பிறகு ஃபோகஸைத் தேடினால், அதற்குள் அது கூட்டத்தைத் தாண்டியிருக்கும். அதனால் ஃபோகஸை ஷட்டர் பட்டனில் இருந்து பிரித்து, பின்பக்கப் பட்டனுக்கு மாற்றிவிட வேண்டும். வாடிவாசல் தூணில் ஒருமுறை ஃபோகஸ் செய்து விரலை எடுத்துவிட்டால் அது அங்கேயே நிற்கும். மைக்கில் மாட்டின் ஊரும் பரிசும் சொல்லி முடிக்கும்போது கண் வ்யூஃபைண்டரில் இருக்க வேண்டும். பாய்ச்சலுக்குத் தூண் ஃபோகஸ். அதன்பிறகு பின்பட்டனை அமுக்கி, தொடர் ஃபோகஸில், 9 புள்ளிக் குழுவைத் திமில் மேல் வைத்துக்கொண்டே திரும்ப வேண்டும். ஏன் திமில்? விதிப்படி வீரர் பிடிக்க வேண்டிய இடம் அதுதான். மாடு பக்கவாட்டில் போகும்போது வீரரின் முகம், கை, திமில் மூன்றும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும், எஃப் 6.3-இலேயே மூன்றும் தெளிவாக விழும்.

இந்த ரக லென்ஸின் உண்மையான பலவீனம் இங்கேதான் தெரியும். குறுக்கே ஒரு கை போனால் ஃபோகஸ் நழுவும். நழுவினால் லென்ஸ் ஃபோகஸ் செய்யக்கூடிய மிகக் கிட்டத்துப் புள்ளி வரை ஓடிப்போய்த் திரும்பி வரும், அந்த மாடு போனது போனதுதான். துரத்திப் பயனில்லை, மறுபடி தூணுக்கு வந்து அடுத்த மாட்டுக்குத் தயாராகிவிடலாம்.

கேமராவின் ஒளி மீட்டரை நம்பக்கூடாது. கரிய நிறக் காரிக்காளை வந்தால் கேமரா இருட்டென்று நினைத்து வெளுக்க அடிக்கும். வெளிர்நிற மயிலைக்காளை வந்தால் மங்க அடிக்கும். மேனுவலில் வைப்பதே சரி. காலை 7 மணி வாக்கில் எஃப் 5.6, ஷட்டர் வேகம் 1/1250 விநாடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 1600-இல் தொடங்கி, நன்றாக வெயில் ஏறியதும் எஃப் 8, 1/1600, ஐஎஸ்ஓ 400-க்கு வந்துவிடலாம். இடையில் அரை மணிக்கு ஒருமுறை திருத்தம் தேவை. தொடக்கநிலை பாடிகளில் ரா வடிவில் (சென்சார் தரவு அப்படியே பதியும் பெரிய கோப்பு) இரண்டு விநாடி விடாமல் அமுக்கினாலே பஃபர் எனும் தற்காலிக நினைவகம் நிறைந்து கேமரா திக்கும். பாய்ச்சலுக்கு மூன்று படம், பிடிக்கு மூன்று படம் என்று பிரித்து அடித்தால் திக்காது.

இனி தூசி. களத்தில் பரப்புவது தென்னை நார்க்கழிவு. மாட்டின் காலுக்கு அது மென்மை, லென்ஸுக்குப் பகை. ஜூமைத் திருகி முன்குழாய் நீளும்போது உள்ளே காற்று இழுபடும், காற்றோடு தூளும் போகும். முதல் அறிகுறி காதில்தான் விழும்: ஜூம் வளையத்தைத் திருப்பினால் மணலை மிதித்தது போல ஒரு கரகரப்பு. நீண்டிருக்கும் குழாயில், ரப்பர் வளையத்தை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய கோடு படிந்திருக்கும். அந்த நிலையில் உள்ளே தள்ளினால் அத்தனையும் உள்ளே போய்விடும். குழாயை முழுதாக நீட்டி, முகத்தைக் கீழே பார்க்கப் பிடித்து, ப்ளோயரால் சுற்றி ஊத வேண்டும். பிறகு மெல்லிய பிரஷ், கடைசியில்தான் துணி. வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைக்கும் பழக்கம் அறவே கூடாது. ஊதாமல் துடைத்தால் கோடு விழும். களத்தில் லென்ஸ் மாற்றவும் வேண்டாம்.

கழுத்தில் தொங்கும்போது குழாய் தானாக இறங்கும் தொல்லை, இரண்டு வருடப் பழக்கத்துக்குப் பிறகு வரும். சைக்கிள் ட்யூபில் இரண்டு செ.மீ. அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, ஜூம் வளையத்தில் பாதி, லென்ஸின் உடம்பில் பாதியாக மாட்டினால் நின்றுவிடும்.

சென்சாரில் ஒட்டிய தூசி ஜல்லிக்கட்டுப் படத்தில் தெரியாது, மாட்டுவண்டிப் பந்தயத்தில்தான் காட்டிக்கொடுக்கும். பெரிய மாட்டுப் பிரிவோ, சின்ன மாட்டுக்கான பூஞ்சிட்டுப் பிரிவோ, வண்டியின் வேகம் தெரிய வேண்டுமென்றால் 1/60-இல் வைத்துக் கேமராவை வண்டியோடு கூடவே திருப்ப வேண்டும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/60 என்றால் துளை எஃப் 20 வரை சுருங்கும். அந்த அளவில் வானமெல்லாம் கரும்புள்ளி. போலரைசர் ஃபில்டர் ஒன்று போட்டால் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சம் குறையும், எஃப் 11-13-இலேயே எடுக்கலாம். ஆனால் சில பழைய 70-300-இல் ஃபோகஸ் ஆகும்போது முன்கண்ணாடி சுற்றும், போலரைசரும் சேர்ந்து சுற்றி அதன் கோணம் கலையும். வாங்கும்போதே இதைப் பார்த்துவிடுங்கள். ஸ்டெபிலைசரில் (கை நடுக்கத்தைத் தணிக்கும் வசதி) பேனிங், அதாவது கூடவே திருப்பி எடுக்கும் நிலை இருந்தால் அது, இல்லையென்றால் அணைத்துவிடுவது நல்லது. இடுப்பில் இருந்து திரும்புங்கள். கையை மட்டும் திருப்பினால் அடிவானம் சாயும். பத்துக்கு இரண்டு தேறினாலே நல்ல கணக்கு. சென்சாரில் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க, வெறும் வானத்தை எஃப் 16-இல் ஃபோகஸ் கலைத்து ஒரு படம் எடுத்தால் போதும்.

பயணப் படங்களில் பகைவன் கானல். சித்திரை, வைகாசியில் ஒத்தக்கடை ரோட்டோரம் நின்று பகலில் யானைமலையை 300-இல் எடுத்தால் பாறையின் விளிம்பு புழுபோல நெளியும். லைவ் வ்யூவில் (பின்திரையில்) 10 மடங்கு பெருக்கிப் பாருங்கள்: விளிம்பு நடுங்கினால் அது காற்று, லென்ஸ் இல்லை. ஷட்டர் வேகம் கூட்டினாலும் தீராது, ட்ரைபாட் போட்டாலும் தீராது. பொழுது விடியும்போது போக வேண்டும், அல்லது நெருங்கிப் போக வேண்டும். ஏசி ஓடும் காரின் ஜன்னலை இறக்கி எடுத்தாலும் இதே நெளிவு வரும். குளிர்காற்றும் அனலும் கலப்பது லென்ஸின் முகத்துக்கு நேராகத்தான். கீழக்குயில்குடியில் சமணர்மலை அடிவாரத் தாமரைக்குளத்தில் மட்டும் 300 முனை மனதை நிறைத்துவிடும். கரையில் இருந்தபடியே ஒற்றைப் பூவைப் பின்னணி கரைய எடுக்கலாம்.

கள்ளழகர் ஆற்றில் இறங்கும் விடியலுக்கு 70-300 இரண்டாம் ஆள்தான். கூட்டத்துக்குள் 70-ஏ நெருக்கும், அங்கே 18-55 லென்ஸ் வேண்டும். தூரத்துக் கரையிலோ மாடியிலோ இடம் கிடைத்தால் மட்டும் இது உதவும்: ஐஎஸ்ஓ 6400, எஃப் 5.6, 1/200. தங்கக்குதிரை விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று வெளுத்துப் போகும் என்பதால் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தே வையுங்கள். பக்தர்கள் பீய்ச்சும் தண்ணீர் எல்லாப் பக்கமும் தெறிக்கும். துணிக்கடைப் பிளாஸ்டிக் கவரில் ஹூட் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்டால் கட்டினால் காலை முழுக்கத் தாங்கும். தையில் தெப்பக்குளத்தில் தெப்பம் சுற்றும் இரவில் யூவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். மலிவு ஃபில்டர் ஒவ்வொரு விளக்குக்கும் தலைகீழாக ஒரு பச்சை நிழல் போடும்.

இந்த லென்ஸால் முடியாததும் உண்டு. அரிட்டாபட்டி மலையின் வல்லூறுகளுக்கு 300 எட்டாது. இரவுக் கபடிக்கு எஃப் 5.6 பத்தாது, அங்கே 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்தான். மின்விளக்கு விநாடிக்கு 100 முறை துடிப்பதால் 1/1000-இல் படத்துக்குப் படம் நிறம் மாறும். ஆன்டி-ஃப்ளிக்கர் இருந்தால் போட்டுவிடுங்கள்.

ஐப்பசி அடைமழை தொடங்கும் முன் லென்ஸை டிரை பாக்ஸில் வைத்துவிட வேண்டும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி போதும். ஈரமானியின் முள் 40-50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். மாத முடிவில் ஜெல்லின் நிறம் மாறியிருந்தால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவைத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பித் தராதீர்கள்.