கொடைக்கு ஒரு ஹேண்டிகேம்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

குறைந்த விலையில் வீடியோ கேமரா வாங்குகிறவர் பெட்டியின் மேல் முதலில் தேட வேண்டியது ‘ஆப்டிகல் ஜூம்’ என்ற சொல்லை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத கேமராக்களில் 4கே, 48 மெகாபிக்சல், 18 மடங்கு டிஜிட்டல் ஜூம் என்றெல்லாம் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். லென்ஸ் அசைவதே இல்லை. ஆப்டிகல் ஜூமில் லென்ஸே நகர்ந்து காட்சியைப் பக்கத்தில் கொண்டுவரும்.

ராதாபுரம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கொடையை, அதாவது கோயில் திருவிழாவைப் பதிவு செய்யவே நான் கேமரா தேடினேன். சாமியாடியின் குறுக்கே போய் நிற்க முடியாது. கூட்டத்துக்குப் பின்னால் இருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே 30 மடங்கு ஆப்டிகல் ஜூம் உள்ள முழு எச்டி ஹேண்டிகேம் (கையடக்க வீடியோ கேமரா) ஒன்றை வாங்கினேன். இன்று வாங்கினாலும் அதையேதான் எடுப்பேன்.

“செல்போன் போதாதா மாமா?” என்று அக்கா மகன் கேட்கிறான். வீட்டுக் குழந்தைகளை எடுக்கப் போதும். கொடையில் பாடும் வில்லுப்பாட்டு அப்படியல்ல, இரவில் தொடங்கினால் நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை வரை மணிக்கணக்கில் ஓடும். செல்போன் சூடேறும், நடுவில் அழைப்பு வரும். ஹேண்டிகேமை முக்காலியில் பூட்டிவிட்டால் அது தன் பாட்டுக்கு ஓடுகிறது. வீசுகோல் நாணில் விழும்போது வில்லில் கட்டிய மணிகள் அதிர்வது வரை கூட்டத்தின் கடைசியிலிருந்தே தெரிகிறது. பாட்டரி மட்டும் தாங்காது. மின்இணைப்பில் வைத்தபடியே பதிவு செய்யுமா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

மேடையில் விளக்கு உண்டு. சுடலைமாடன் சாமியாடி தீப்பந்தத்தோடு இருட்டுக்குள் புறப்படும்போதுதான் சிக்கல். இந்த விலைக் கேமராக்களில் ஒளியைப் படமாக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. ஜூம் செய்யச் செய்ய உள்ளே வரும் ஒளியும் குறையும். ஆகவே இரவில் ஜூமை விட்டுவிட்டு, முடிந்தவரை பக்கத்தில் போய் அகலக் கோணத்தில் எடுக்கிறேன். தீயைக் கண்டதும் ஆட்டோஃபோகஸ் அலைபாயும். திரையில் முகத்தைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டிவிட்டால் நிற்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 50 அல்லது 25 ஃபிரேம் வைத்தால் டியூப்லைட் துடிப்பது படத்தில் விழாது.

நொடிக்கு 24 மெகாபிட் தரத்தில் ஒரு மணி நேரம் சுமார் 11 ஜிபி பிடிக்கிறது. ஏவிசிஎச்டி என்ற வீடியோ சேமிப்பு முறையில் நீண்ட பதிவு துண்டு துண்டாகச் சேமிக்கப்படும். தனித்தனிக் கோப்பாக இழுக்காமல் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து, கேமரா நிறுவனம் தரும் மென்பொருளில் சேர்த்தால் இடையில் பாட்டு அறுபடாது. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைப்பது என் வழக்கம்.

எனக்கு நிறைவு தராதது ஒலிதான். வில்லுப்பாட்டில் தாளத்துக்குத் தட்டும் குடத்தின் அடி ஓங்கி விழும் ஒவ்வொரு முறையும் கேமரா தானாக ஒலியளவைக் குறைக்கிறது. அடுத்து வரும் பாட்டுவரி அமுங்கிப் போகிறது. ஆனி, ஆடிக் காற்று வேறு மைக்கில் மோதி இரைகிறது. காற்றாலைகள் நிற்கும் ஊரில் அதற்கு என்ன குறை? மலிவான மாடல்கள் பலவற்றில் வெளி மைக் செருக வழியில்லை. அதனால் சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை, பஞ்சு உறை மாட்டி, குழாய் ஒலிபெருக்கிக்கு எதிரே இல்லாதபடி, வில்லுப்பாட்டைப் பாடும் புலவர் அருகில் வைக்கிறேன். தொடக்கத்தில் கேமரா முன் ஒருமுறை கைதட்டினால், பிறகு கணினியில் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்திவிடலாம். வாங்குகிறவர்கள் இதற்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.

கொடை முடிந்ததும் புலவருக்குப் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். ஒலி தெளிந்த பிறகு முழுவதும் கேட்கிறார். எந்த இடத்தில் தாளம் பிசகியது என்று குடக்காரரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுகிறார்.