ஆடிட்டரா, பார்ட் டைம் கணக்கரா, ஆப்பா? சின்னப் பட்டறைக்கு யாரை வைப்பது

நம் ஊரில் வரி சம்பந்தமாக யார் எதைச் செய்தாலும் அவருக்குப் பெயர் ஆடிட்டர். விற்பனை வரி காலத்திலிருந்து ரிட்டன் போட்டுத் தருகிற பெரியவரும் ஆடிட்டர், சி.ஏ. முடித்து போர்டு மாட்டியவரும் ஆடிட்டர், டேலி தெரிந்த பையனும் சில தெருக்களில் ஆடிட்டர்தான். யாரிடம் என்ன வேலைக்குப் போகிறோம் என்பதே தெரியாமல் போய் நிற்பது இதனால்தான். கோவையில் பம்பு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையை எட்டு வருடமாக நடத்துகிறேன், ஆறு லேத், ஏழு ஆட்கள். கணக்குக்கு இதுவரை நாலு விதமாக ஆள் வைத்துப் பார்த்துவிட்டேன்.

முதலில் இருந்தவர் மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை வாங்கிக்கொண்டு ரிட்டன் போடுகிற கன்சல்டன்ட். தொகை குறைவு, 1,500 ரூபாய். மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் பில்லையெல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட வேண்டும், அவர் 11ஆம் தேதிக்குள் விற்பனைப் பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டுகிற ரிட்டனான 3பி போட்டுவிடுவார். மூன்று வருடம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓசூருக்கு மூன்றரை லட்சம் ரூபாய் சரக்கு வண்டியில் ஏற்றியாகிவிட்டது, டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து நிற்கிறார், சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டான இ-வே பில் போட உட்கார்ந்தால் போட முடியவில்லை. தொடர்ந்து இரண்டு மாத 3பி போடாவிட்டால் இ-வே பில் நின்றுவிடும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிற சரக்கு என்றாலும் ஒரு லட்சத்தைத் தாண்டினால் அது இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. கன்சல்டன்டுக்குப் போன் போட்டால் அவர் வீட்டில் ஏதோ விசேஷம், 'போட்டாச்சுன்னு நினைச்சேனுங்களே' என்றார். இரண்டு மாத ரிட்டனையும் ஏற்றி, லேட் ஃபீஸ் கட்டி, வரிக்கு 18 சதவீத வட்டியும் கட்டி, வண்டி கிளம்ப மறுநாள் மதியம் ஆகிவிட்டது. லேட் ஃபீஸ் நாளுக்கு 50 ரூபாய்தான், அது பெரிய காசில்லை. வண்டிக்காரருக்குக் கொடுத்த வெயிட்டிங்கும், ஓசூர்க்காரரிடம் வாங்கிய திட்டும்தான் அதிகம்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இருநூறு பேருக்கு ஒரே தேதியில் ரிட்டன் போடுகிற மனுஷர், என் பட்டறைக் கணக்கை உட்கார்ந்து பார்க்க அவருக்கு ஏது நேரம்? அவர் வாங்கிய காசு ரிட்டன் போடுவதற்கு. கணக்கையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார் என்று மூன்று வருடம் நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஆன்லைன் பேக்கேஜ். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டினேன். போன் செய்யும்போதெல்லாம் வேறு குரல், ஒவ்வொருவரிடமும் தொழில் என்ன என்பதிலிருந்து மறுபடி சொல்ல வேண்டும். கம்பெனி பதிவு, டிரேட்மார்க் மாதிரி ஒரே தடவை முடிகிற வேலைக்கு இவர்கள் சரி. மாதாமாதம் ஓடுகிற கணக்குக்கு என் ஓட்டு கிடையாது.

சாப்ட்வேர் மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. டேலியோ ஜோஹோ புக்ஸோ, பில் போடவும் பாக்கி பார்க்கவும் அருமையானவை. ஆனால் கல்லாவிலிருந்து எடுத்த 5,000 ரூபாய் மகளின் டியூஷனுக்குப் போனதா, கட்டிங் டூல் வாங்கப் போனதா என்பது அதற்கு எப்படித் தெரியும்? நாம்தான் எழுத வேண்டும், நாம் எழுத மாட்டோம், அவ்வளவுதான் விஷயம். மளிகை, பாத்திரக் கடை மாதிரி நேரே ஜனங்களுக்கு விற்கிறவர், விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள், வெளிமாநில விற்பனை இல்லை என்றால் விற்றுமுதலில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருந்துகொண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரியைத் தானே கட்டிவிடலாம், வருடத்துக்கு ஒரு ரிட்டன். அவருக்கு சாப்ட்வேரே தாராளம். எங்களைப் போல கம்பெனிக்குச் சப்ளை செய்கிறவர்களுக்கு அது ஒத்துவராது, பில்லில் வரி போட முடியாததால் வாங்குகிற கம்பெனிக்கு கிரெடிட், அதாவது கொள்முதலில் கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை, கிடைக்காது, அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும்.

முழுநேர ஆள் வைத்துப் பார்த்தது ஒரே வருடம். பி.காம். முடித்த பெண், கெட்டிக்காரி. எங்களுக்கு மாதம் எழுபது எண்பது பில்தான், பத்து நாளில் வேலை முடிந்துவிடும், மீதி நாள் கூரியர் வாங்குவது, டீக்கணக்கு எழுதுவது என்று போனது. அவருக்கும் சலித்துவிட்டது, எனக்கும் சம்பளம் கடித்தது. தினம் பத்துப் பதினைந்து பில் ஓடுகிற இடத்தில்தான் முழுநேர ஆள் கட்டுப்படியாகும் என்பது என் கணக்கு.

சி.ஏ. விஷயத்துக்கு வருகிறேன். பேங்கில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) கேட்டபோது, சி.ஏ. கையெழுத்துப் போட்டு யு.டி.ஐ.என். எண் வாங்கிய ஐந்தொகையைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். அந்த 18 இலக்க எண்ணை யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம், கையெழுத்துப் போட்டவர் நிஜமாகவே சி.ஏ.தானா என்பது அதில் தெரிந்துவிடும். சி.ஏ. ஆபீஸில் மாத வேலையையும் கொடுத்தால் செலவு கூடும், அதைச் செய்வதும் பெரும்பாலும் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள்தான். செப்டம்பரில் டேக்ஸ் ஆடிட் நெருக்கடி, போனை எடுக்கவே மாட்டார்கள். ஆனால் யோசனைக்கு அவரை விட்டால் ஆளில்லை. எனக்குக் கஸ்டமர் 90 நாள், 100 நாள் இழுப்பார்கள். சிறு தொழில்களுக்கு அரசு தருகிற உத்யம் பதிவு எடுத்து அந்த எண்ணை பில்லிலேயே அச்சடியுங்கள் என்றார் அவர். என்னைப் போன்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தராத கம்பெனி, தரும்வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது, 2023-24 நிதியாண்டிலிருந்து அப்படி. அதன் பிறகு மார்ச் வந்தால் கஸ்டமர் ஆபீஸிலிருந்தே போன் வருகிறது, 'பாக்கி எவ்வளவுங்க' என்று.

இப்போது இருப்பது கலவை ஏற்பாடு. வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஒரு பார்ட் டைம் கணக்கர் வருகிறார், பகலில் ஒரு மில்லில் வேலை. வருடக் கணக்குக்கும் யோசனைக்கும் அதே சி.ஏ. செலவைப் பார்த்தால் பழைய கன்சல்டன்டைவிட மூன்று மடங்கு, முழுநேரச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. வந்த இரண்டாவது மாதம், சப்ளையர்கள் நம் பெயரில் ஏற்றிய பில்களைக் காட்டி 14ஆம் தேதி ஜி.எஸ்.டி. போர்ட்டலில் வருகிற 2பி பட்டியலை எங்கள் கொள்முதல் பில்லோடு வரிவரியாக ஒத்துப் பார்த்துவிட்டு, 'அண்ணா, இந்த ஃபவுண்டரி பில் 2பி-யில வரலீங்ணா' என்றார். 2,36,000 ரூபாய் பில், அதில் 36,000 வரி. காஸ்டிங் கொடுத்தவர்கள் எங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடாமல் சில்லறை விற்பனையில் ஏற்றியிருக்கிறார்கள். போன் போட்டுச் சொன்னோம், அடுத்த மாத ரிட்டனில் திருத்தினார்கள், கிரெடிட் வந்துவிட்டது. இதற்கு முன்னால் இப்படி எத்தனை பில் போயிற்றோ! அதனால் யாரையாவது புதிதாக வைக்கப் போகிறீர்கள் என்றால் டிகிரி, அனுபவம் எல்லாம் கேட்டுவிட்டு, 2பி-யை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'அதெல்லாம் போர்ட்டல்ல தானா வந்துருங்க' என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

பாஸ்வேர்டு சமாசாரத்தை விட்டுவிட்டேன். பழைய கன்சல்டன்ட் பதிவு எடுத்தபோது ஓ.டி.பி. போகிற மொபைலாகத் தன் எண்ணையே கொடுத்திருந்தார், மெயிலும் அவருடையதே. விலகும்போது முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார், அது என் அதிர்ஷ்டம். பக்கத்துப் பட்டறைக்காரருக்கு அப்படி அமையவில்லை, பான், ஆதார், கடை ஆவணமெல்லாம் எடுத்துக்கொண்டு வணிகவரி அலுவலகத்துக்கு அலைந்துதான் எண்ணை மாற்றினார். உங்கள் ஜி.எஸ்.டி. ஓ.டி.பி. யார் போனுக்குப் போகிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள், உள்ளே போக முடிந்தால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம், அலுவலகத்துக்குப் போகத் தேவையில்லை.