செல்சியும் அதன் வீட்டுப் பிள்ளைகளும்: நீண்டகால ரசிகரின் அனுபவப் பகிர்வு

லண்டன் கால்பந்துக் கிளப்பான செல்சியை, 2003இல் ரஷ்யப் பெரும்பணக்காரர் ரோமன் ஆப்ரமோவிச் வாங்கிய காலத்திலிருந்து பின்தொடர்கிறேன். இந்திய நேரப்படி நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கும் ஆட்டங்களுக்காகத் தூக்கத்தை விடுவதும், மறுநாள் வேலைக்குப் போவதும் பழகிவிட்டது. கோப்பைகளின் கணக்கை யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துக்கொள்ளலாம். இத்தனை ஆண்டுகளில் என் மனத்தில் தங்கியது வேறு ஒரு விஷயம். சொந்த அகாடமியில், அதாவது இளையோர் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்த ஆட்டக்காரர்களை இந்தக் கிளப் எப்படி நடத்தியது, ரசிகர்களாகிய நாங்கள் எப்படி நடத்தினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாங்கள் ஓயாமல் பேசும் 'வெற்றி மனநிலை' எங்கே உருவாகிறது என்ற கேள்விக்கும் விடை அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதல் சில ஆண்டுகளில் இந்தக் கேள்வியே எழவில்லை. இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கின் 2004-05 சீசனில் 95 புள்ளிகள் எடுத்து, 38 ஆட்டங்களில் 15 கோல்கள் மட்டுமே விட்டுக்கொடுத்த அணி அது. கேப்டன் ஜான் டெர்ரி பதினான்கு வயதிலேயே செல்சிக்கு வந்தவர். அவரைச் சுற்றியிருந்த செக், லம்பார்ட், ட்ரோக்பா எல்லாரும் வெளியிலிருந்து வாங்கப்பட்டவர்கள். ஒரு டெர்ரி போதும், மற்ற இடங்களைப் பணத்தால் நிரப்பிவிடலாம் என்ற நம்பிக்கை ரசிகர்களிடம் அப்போதுதான் வேரூன்றியது. தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் எங்கள் நண்பர் வட்டத்தில் எழும் முதல் பேச்சே, அடுத்து யாரை வாங்கலாம் என்பதாகத்தான் இருக்கும்.

அதே காலத்தில் செல்சியின் அகாடமி இருக்கும் காபம் பயிற்சித் திடலில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எங்களில் பலர் கவனிக்கவில்லை. இளையோர் எஃப்.ஏ. கோப்பையை 2010இலும் 2012இலும் வென்ற செல்சி, 2014 முதல் 2018 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. ஐரோப்பிய அளவிலான யுயெஃபா யூத் லீக்கும் 2015, 2016 என இரண்டு முறை கிடைத்தது. அந்தப் பையன்களுக்குத் தோற்பது என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. ஆனால் பெரிய அணியின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. ஒரே சீசனில் ஏறக்குறைய நாற்பது பேரை வேறு கிளப்புகளுக்கு லோனில் (தற்காலிகமாக ஆட) அனுப்பிய காலமும் உண்டு. டெர்ரிக்குப் பிறகு அகாடமியிலிருந்து வந்து நிலையாக இடம்பிடித்தவர் யார் என்று கேட்டால், பல ஆண்டுகளுக்கு எங்களிடம் பதில் இல்லை.

ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் 2012 மியூனிக் இறுதியாட்டத்தில் ரயன் பெர்ட்ராண்ட் இறங்கியதை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தப் போட்டியில் அவருடைய முதல் ஆட்டமே அந்த இறுதியாட்டம்தான். சொந்த மைதானத்தில் ஆடிய பேயர்னுக்கு எதிராக, நம் அகாடமியில் முடித்து வந்த இளைஞர் இடப்பக்கத்தில் நின்று தன் வேலையைச் செய்துவிட்டுப் போனார். ட்ரோக்பாவின் 88ஆவது நிமிடத் தலையடியும் பெனால்டி ஷூட் அவுட்டும் அந்த இரவின் அடையாளங்களாகிவிட்டதால், பெர்ட்ராண்டை யாரும் அதிகம் நினைவுகூர்வதில்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது.

பிறகு 2019. வெளிநாட்டுச் சிறுவர்களைப் பதிவு செய்த விதத்தில் விதிமீறல் என்று ஃபிஃபா தடை போட்டது. புதிய ஆட்டக்காரர்களை வாங்க முடியாது. ஈடன் ஹசார்ட் ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். பயிற்சியாளராக வந்த லம்பார்டுக்கு அகாடமியைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஒரு சீசன்தான் இத்தனை ஆண்டுகளில் எனக்கு மிக நெருக்கமானது. தொடக்கமே மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் 4-0 தோல்வி. அடுத்த சில நாள்களில் இஸ்தான்புல்லில் நடந்த சூப்பர் கோப்பை ஆட்டம் பெனால்டி வரை போய், டாமி ஆபிரகாமின் உதை தடுக்கப்பட, லிவர்பூல் வென்றது. அன்றிரவு அவருக்குச் சமூக வலைத்தளங்களில் வந்த இனவெறி வசைகளை நினைத்தால் இன்றும் உடல் கூசுகிறது.

ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 14 அன்று, வுல்வ்ஸ் அணியின் மைதானத்தில் 5-2 என்று வென்றோம். டொமோரி வெகுதொலைவிலிருந்து ஒரு கோல், ஆபிரகாம் மூன்று, மவுன்ட் ஒன்று. ஐந்து கோல்களுமே அகாடமிப் பிள்ளைகள் அடித்தவை. ஆபிரகாம் தவறுதலாகத் தன் வலைக்குள்ளும் ஒன்றைத் தள்ளியிருந்தார். அதுகூட அன்று யாருக்கும் உறைக்கவில்லை. அந்த சீசனில் கோப்பை எதுவும் இல்லை. நான்காம் இடம் மட்டும்தான். ஆனாலும் தோல்விக்குப் பிறகு அடுத்த ஆட்டத்துக்காக நான் அவ்வளவு ஆவலோடு காத்திருந்த காலம் வேறு இல்லை.

ரசிகர்களின் குணம் எனக்குத் தெளிவாகப் புரிந்ததும் அப்போதுதான். பெரிய விலைக்கு வாங்கிய ஆட்டக்காரர் சொதப்பினால், புதிய நாடு, புதிய லீக், அவகாசம் வேண்டும் என்போம். வீட்டுப் பிள்ளை இரண்டு ஆட்டம் சோர்ந்தால், இவ்வளவுதான் இவன் தரம் என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். மேசன் மவுன்டைப் பயிற்சியாளரின் செல்லப்பிள்ளை என்று இழித்துப் பேசாத செல்சி ரசிகர் கூட்டமே அன்று இல்லை. லம்பார்ட் போய் 2021 ஜனவரியில் டூகல் வந்தார். அவரும் மவுன்டையே நம்பினார். அந்த மே மாதம் போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் தற்காப்பைப் பிளந்து ஹாவர்ட்ஸுக்குப் பந்தைக் கொடுத்தது மவுன்டின் கால். வலப்பக்கத்தில் ஸ்டெர்லிங்கை அடக்கி வைத்தது ஆறு வயதில் கிளப்பில் சேர்ந்த ரீஸ் ஜேம்ஸ். பெரும் விலைக்கு வந்தவரும் வீட்டில் வளர்ந்தவரும் சேர்ந்து அடித்த கோல் என்பதால், அந்த ஒரு கோலே என் வாதத்துக்குப் போதும்.

இனி மனம் கசந்த பகுதி. 2022இல் கிளப் புதிய உரிமையாளர்களின் கைக்கு மாறியது. என்சோ ஃபெர்னாண்டஸ், காய்செடோ இருவருக்கும் தலா 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. பிரீமியர் லீக்கின் அப்போதைய நிதி விதிப்படி மூன்று ஆண்டுகளில் ஒரு கிளப் காட்டக்கூடிய நட்டம் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டாக இருந்தது. வாங்கிய ஆட்டக்காரரின் விலையை அவருடைய ஒப்பந்த ஆண்டுகள் மீது பிரித்துக் கணக்கில் எழுதுவார்கள். அகாடமியில் வளர்ந்தவருக்குக் கொள்முதல் விலையே கிடையாது. ஆகவே அவரை விற்றால் கிடைக்கும் தொகை முழுவதும் லாபம். உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள். இங்கே உள்ளூர் மாடுதான் சந்தைக்கு முதலில் ஓட்டிச் செல்லப்பட்டது.

2023இல் மவுன்ட் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 5.5 கோடி பவுண்டுக்குப் போனார். இரண்டு முறை தொடர்ந்து ஆண்டின் சிறந்த செல்சி ஆட்டக்காரராக ரசிகர்களே தேர்ந்தெடுத்தவர் அவர். அதே கோடையில் லோஃப்டஸ்-சீக்கும் ஹட்சன்-ஓடோயும் போனார்கள். அடுத்த ஆண்டு கானர் கேலகர் அட்லெடிகோ மாட்ரிட்டுக்கு. கேப்டன் ஜேம்ஸ் காயத்தில் கிடந்த சீசனில் பெரும்பாலும் கேப்டன் பட்டை கட்டி ஓடியவர் கேலகர். மவுன்ட் யுனைடெட்டில் காயங்களோடு போராடியதைக் காட்டி, விற்றது சரி என்பவர்கள் உண்டு. வரவு செலவு நோக்கில் அவர்கள் சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் 2021இலேயே விட்டுக்கொடுத்த மார்க் கெயி, 2025இல் கிரிஸ்டல் பேலஸின் கேப்டனாக வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்குப் பிறகும் எத்தனை தற்காப்பு வீரர்களை வாங்கினோம்!

ட்ரெவோ சலோபாவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் பேலஸுக்கு எதிராகப் பிரீமியர் லீக்கில் தன் முதல் ஆட்டத்திலேயே தொலைவிலிருந்து கோல் அடித்து, மண்டியிட்டுக் கலங்கிய பையன் அவர். 2024 கோடையில் அணியின் அமெரிக்கப் பயணத்துக்கு அவரை அழைத்துச் செல்லவில்லை. விற்க முடிவு செய்துவிட்டார்கள். அவருடைய சட்டை எண் வேறொருவருக்குப் போனது. அவர் பேலஸுக்கு லோனில் போனார். முகம் சுளிக்காமல் அங்கே நன்றாக ஆடினார். 2025 ஜனவரியில், தற்காப்பில் ஆள் பற்றாக்குறை வந்ததும் திரும்ப அழைத்தார்கள். வந்தார், ஆடினார். அந்த ஜூலையில் கிளப் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னை 3-0 என்று வீழ்த்திய அணியின் தொடக்கப் பதினொருவரில் சலோபா, லெவி கோல்வில், ரீஸ் ஜேம்ஸ் என மூன்று காபம் பிள்ளைகள் இருந்தார்கள். ஜேம்ஸ்தான் கேப்டன். அவமானத்தை விழுங்கிக்கொண்டு, அழைத்தவுடன் வந்து, ஐரோப்பாவின் சாம்பியன் அணிக்கு எதிராக நடுங்காமல் நிற்பதற்குப் பெயர்தான் வெற்றி மனநிலை என்று நான் நினைக்கிறேன்.

அதே இறுதியாட்டத்தில் முதல் இரண்டு கோல்களையும் அடித்த கோல் பால்மர் (Cole Palmer), மான்செஸ்டர் சிட்டியின் அகாடமியில் வளர்ந்தவர். 2023இல் சிட்டி அவரை விற்றது. செல்சியில் முதல் லீக் சீசனிலேயே 22 கோல்கள் அடித்தார். நாங்கள் மவுன்டுக்காக வருந்தியதைப்போல, அந்த ஊரில் பால்மருக்காக வருந்துபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். லம்பார்டும் வெஸ்ட் ஹாமில் வளர்ந்தவர்தானே. ஆகவே ரத்தத்தில் செல்சியின் நீலம் ஓடினால்தான் வெல்லும் குணம் வரும் என்று நான் சொல்லவில்லை. அகாடமியில் வளர்ந்த எல்லாரையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லவில்லை. தரம் போதாதவர்கள் போகத்தான் வேண்டும்.

நான் கண்டது இதுதான். வெல்லும் பழக்கம் ஒரு அணியில் ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது. டெர்ரி, லம்பார்ட், செக், ட்ரோக்பா பல ஆண்டுகள் ஒரே அறையில் இருந்ததால்தான் மியூனிக்கில் பின்தங்கியபோதும் அணி பதறவில்லை. ஆண்டுதோறும் பாதி அணியை மாற்றினால் அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் மிஞ்சுவதில்லை. வாங்கப்பட்டவர் நல்ல வாய்ப்பு வந்தால் போவார், அதில் தவறில்லை. போக மனமில்லாதவர்களை நாமே அனுப்பிவிட்டு, அணியில் மனவலிமை இல்லை என்று புலம்புவதில் நியாயம் இல்லை.

புதிதாக செல்சியைப் பின்தொடர விரும்புகிறவர்களுக்கு: கோப்பை மட்டும் போதும் என்றால் இந்தக் கிளப் அவ்வப்போது அதைக் கொடுத்துவிடும். ஒரு ஆட்டக்காரரைப் பதின்ம வயது முதல் முப்பது வரை பார்த்துக்கொண்டே வளர வேண்டும் என்ற ஆசை இருந்தால், கோடைக்கால ஆட்டக்காரர் சந்தை ஒவ்வொரு ஆண்டும் வயிற்றைக் கலக்கும். முடிந்தால் இளையோர் ஆட்டங்களையும் பாருங்கள். பெரிய அணியில் யாரை எதற்காக நம்பலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

என் கண் இப்போது ஜோஷ் அச்சம்பாங் மீது இருக்கிறது. காபத்தில் வளர்ந்த தற்காப்பு வீரர். வலப்பக்கத்திலும் நடுவிலும் ஆடக்கூடியவர். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு பதறாமல் தலையுயர்த்திப் பார்க்கிறார். அவருக்குத் தொடர்ந்து பத்து ஆட்டங்கள் கொடுங்கள். அதில் ஒன்றில் அவர் தவறு செய்து நாம் தோற்றாலும், பதினோராவது ஆட்டத்திலும் அவரையே இறக்குங்கள்.